குழித்துறையில் நங்கூரமிட்ட படகு

குழித்துறைப் பாலத்தின் நடுவே பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு ஜல்லி லாரியும் ஒரு கல்யாண வேனும் ஒன்றுக்கொன்று வழிவிடாமல் முறைத்துக்கொண்டு நின்றன. கீழே ஆறு மழைத்தண்ணீரில் காப்பி நிறமாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் மடியில் ஒரு வருக்கைச் சக்கை, அதாவது பலாப்பழம். அதன் மணம் பஸ் முழுக்க. அப்போதுதான் சட்டைப்பையில் கைபேசி துடித்தது.

மின்னஞ்சல். நாலே வரி.

“இந்த டிரைவரை இன்னும் யாராவது பயன்படுத்துகிறீர்களா? வெகுநாளாக யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை. உண்மையான கருவியில் ஒழுங்காக ஓடுகிறது என்று பத்து நாட்களுக்குள் யாரும் காட்டாவிட்டால் அடுத்த வெளியீட்டில் நீக்கிவிடுகிறேன். மன்னிக்கவும்.”

எழுதியவர் இங்க்ரிட். வடக்கே பனி விழும் ஏதோ ஒரு ஊர்க்காரர். நான் அவரைப் பார்த்ததில்லை, குரலும் கேட்டதில்லை. ஏழெட்டு வருஷமாக எனக்கு மேலதிகாரி மாதிரி. சம்பளம் கொடுக்காத மேலதிகாரி, அவருக்கும் அதற்குச் சம்பளம் கிடையாது.

அவர் நீக்குவதாகச் சொன்னது என்னுடைய டிரைவரை. பஸ் ஓட்டும் ஆளை அல்ல, கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஒரு நிரலை.

அன்று நான் திருவனந்தபுரம் போய்க்கொண்டிருந்தேன். புதுக் கட்டடம் ஒன்றில் கேமரா மாட்டும் வேலை. பத்து நாள் சோற்றுக்கு வழி. பஸ் பாலத்தைத் தாண்டியதும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். மேஸ்திரிக்கு போன் செய்து, வர முடியாது என்றேன். அவர் சொன்ன வார்த்தையை வாரப்பத்திரிகையில் எழுத முடியாது.

எனக்கு வருத்தமே இல்லை. என் டிரைவர் ஓட்டும் கருவி ஒன்று உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு இடம் எனக்குத் தெரியும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். தேங்காய்ப்பட்டணம் பஸ்ஸில் ஏறினேன்.

வரிசையில் வரும் எழுத்துகள்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு நான் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன், ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், எந்த ஊரிலும் ஒரு வருஷம் முழுதாக நிலைத்ததில்லை என்பதெல்லாம் தெரியும். ‘இவன் எப்படிக் கம்ப்யூட்டருக்குள் போனான்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சார்ஜா வழியாகப் போனேன்.

அங்கே துறைமுகத்தை ஒட்டி ஒரு வயர்லெஸ் ரிப்பேர் கடை. முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி மேஜைக்குள் பூட்டிக்கொண்டார். விடுமுறையும் கிடையாது, போக இடமும் கிடையாது. கடைக்குள்ளேயே படுக்கை. படிப்பதற்கு அங்கே இருந்தது கருவிகளோடு வரும் கையேடுகள் மட்டும். ஆங்கிலத்தை நான் கற்றது அவற்றில்தான். இன்றைக்கும் என் ஆங்கிலம் எச்சரிக்கைப் பலகை மாதிரிதான் இருக்கும்.

கப்பலில் இருந்து வரும் கருவிகளெல்லாம் ஒரே வழியில்தான் பேசும். அதுதான் சீரியல் போர்ட். ஒரு கம்பி, அதன் வழியே எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, ரேஷன் கடை வரிசை மாதிரி வரும். இரண்டு பேர் சேர்ந்து நுழைய முடியாது. யாரும் முந்தவும் முடியாது. எனக்கு அந்த ஒழுங்கு பிடித்துப்போயிற்று.

அந்த எழுத்துகளை வாங்கிக் கம்ப்யூட்டருக்குள் சேர்க்கும் சின்ன நிரல்தான் டிரைவர். நான் சொல்லும் இயங்குதளத்தின் உட்கருவை, கர்னல் என்பார்கள், யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். தப்பு கண்டால் திருத்தி அனுப்பலாம். எல்லாருக்கும் தெரிகிற பொது அஞ்சல் குழுவில் அதை விவாதிப்பார்கள், கிழிப்பார்கள், சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்க மாட்டார்கள்.

ஊர் திரும்பியபின் நான் ஒரே ஒரு வரி திருத்தி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். பிறகு இன்னும் சில. அந்த டிரைவருக்குப் பொறுப்பாக இருந்தவர் கடிதங்களுக்குப் பதில் போடுவதை நிறுத்திவிட்டார். ‘நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா?’ என்று இங்க்ரிட் கேட்டார். மங்களூரில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. கை விரைத்துப்போயிருந்தது. ‘சரி’ என்று தட்டச்சு செய்ய நாலு முறை தப்பு விட்டேன்.

எந்த டிரைவருக்கு யார் பொறுப்பு என்று கர்னலில் ஒரு பெரிய பட்டியல் உண்டு. அதில் என் பெயர் ஒரு வரி. எனக்கு ரேஷன் கார்டு இல்லாத வருஷங்களிலும் அந்த வரி இருந்தது.

டிரைவர் நீக்கப்பட்டால் அந்த வரியும் போய்விடும்.

ஸ்டெல்லா அக்காவின் படகு

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஸ்டெல்லா அக்காவின் படகு ஐஸுக்காகக் காத்து நின்றது. தூண்டில் போடும் விசைப்படகு. தங்கலுக்குப் போகும் படகு, அதாவது போனால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடித்துத்தான் திரும்பும். உரிமமெல்லாம் அக்கா பெயரில். கடலில் ஓட்டுவது அவள் புருஷன் சூசை அண்ணன். ஓட்டுபவரை எங்கள் பக்கம் ஸ்ராங்கு என்பார்கள்.

மூடிப்போன வங்கிக்கிளை ஒன்றின் பழைய சாமான்களோடு ஆக்கர் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், கிடந்த எட்டு சீரியல் போர்ட் அட்டையை எடுத்து, ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் பொருத்தி, இந்தப் படகில் நான்தான் வைத்தேன். படகு இருக்கும் இடத்தைச் சொல்லும் ஜிபிஎஸ் ஒரு போர்ட்டில். ஆழம் காட்டும் கருவி இன்னொன்றில். வயர்லெஸ் மூன்றாவதில். எல்லாம் ஒரே திரையில் தெரியும். சும்மாதான் செய்துகொடுத்தேன். டிரைவரைச் சோதிக்க எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது.

பெரிய சிரிப்போடு பலகையேறிப் போனேன்.

“யாரு, செல்வனா? தள்ளே! படகைக் கெடுத்த ஆளு தானாவே வந்து நிக்குது பாத்தியளா?” என்றாள் அக்கா.

“கெடுத்தேனா? என்னக்கா சொல்றிய?”

“உனக்க பெட்டி முந்தி நல்லா ஓடிச்சு. ஈஸ்டருக்கு வந்து என்னமோ புதுசு ஏத்திட்டுப் போனியே, அதுக்குப் பொறவு கொஞ்ச நேரம் ஓடும், அரை நிமிஷம் உறங்கும். எனக்க மாப்பிள்ளையப் போலத்தான்.”

“ஏட்டி, எனக்குக் கேக்குது” என்று உள்ளேயிருந்து சூசை அண்ணன் குரல்.

“கேக்கணும்னுதான் சொன்னேன்.”

“ஒரு போன் விளிச்சுச் சொல்லியிருக்கலாமே அக்கா.”

“எந்த நம்பருக்கு விளிக்க? மாசத்துக்கு ஒரு ஊரு, ஊருக்கு ஒரு நம்பரு. நீ எங்க இருக்கியோன்னு உனக்கே தெரியாது. நீயாக்கும் படகு எங்க நிக்குதுன்னு சொல்ற பெட்டி வச்சுத் தந்தது!”

சக்கரம் பிடிக்கும் அறைக்குள் போனேன். டீசல், உப்பு, காய்ந்த கணவாய் மீன் மணம். சூசை அண்ணன் திரையைத் தட்டிக் காட்டினார். எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று நின்றன. ஜிபிஎஸ் கருவியின் சொந்தச் சிறு திரையில் எண் மாறிக்கொண்டே இருந்தது. என் திரை மட்டும் உறைந்து கிடந்தது. அரை நிமிஷம் கழித்து ஒரே தாவல்.

“கரையில இதொண்ணும் இல்ல மக்கா. ஒழுக்குள்ள, தண்ணி இழுக்கிற இடத்தில நங்கூரம் போடணும்னு வை. அரை நிமிஷத்தில படகு எங்கேயோ போயிருக்கும். மூணு தடவை இடம் தப்பிப்போச்சு. பொறவு உனக்க பெட்டியப் பாக்கிறதையே விட்டேன்.”

நான் காட்ட வந்தது டிரைவர் ஒழுங்காக ஓடுகிறது என்பதை. கண்ணெதிரே அது ஓடவில்லை.

கிளிக்குத் தெரிந்தது

வேறு யாராக இருந்தாலும் இடிந்து உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. கையில் பிடிபடாத பூச்சி ஒன்று நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறது! மடிக்கணினியைத் திறந்து, ஈஸ்டருக்கு முன்பிருந்த நிரலையும் பின்பு வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வித்தியாசம் ஆறு வரிதான். ஆறு வரியையும் நீக்கியவர் பெயர் மேலே இருந்தது. என் பெயர்.

இதைப் புரிந்துகொள்ள நீங்கள் ஒரு பஸ்ஸில் ஏற வேண்டும்.

கல்ஃபுக்கு முன்னால் ஒரு மினிபஸ்ஸில் நான் ‘கிளி’யாக இருந்தேன். வாசலில் தொங்கிக்கொண்டு ஆள் ஏற்றி இறக்கும் பையனை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்பார்கள். அந்தக் கண்டக்டர் முன்னாலிருந்து பின்னால் வரை டிக்கெட் போட்டுக்கொண்டே போவார். அவர் பின்சீட்டில் நிற்கும்போது முன்வாசலில் இரண்டு பேர் ஏறியிருப்பார்கள். அதனால் மறுபடி முன்னாலிருந்து வருவார். ஒரு முழுச் சுற்றில் புதிதாக ஒருவரும் இல்லை என்று கண்டபிறகுதான் உட்காருவார். எனக்கு அது வீண் வேலையாகத் தோன்றும். ‘பாத்ததையே பாக்குதிய அண்ணே’ என்று ஒருநாள் சிரித்தேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது.

எட்டுப் போர்ட் அட்டையும் அந்த பஸ்தான். எட்டுக்கும் சேர்த்து ஒரே மணி. எந்தப் போர்ட்டில் எழுத்து வந்தாலும் அந்த மணி அடிக்கும். டிரைவர் ஓடி வந்து ஒன்றிலிருந்து எட்டு வரை எடுத்துக்கொண்டே போகும். அது ஐந்தில் நிற்கும்போது இரண்டில் புதிதாக எழுத்து வந்தால்? மணி ஏற்கெனவே அடித்துக்கொண்டிருப்பதால் புதிதாக அடிக்காது. ஆகவே முழுச் சுற்றும் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிரைவர் போக வேண்டும். பார்க்காமல் போனால் மணி அடித்தபடியே கிடக்கும், யாருக்கும் கேட்காது. அரை நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக எட்டிப்பார்க்கும் ஒரு ஏற்பாடு இருந்ததால்தான் மறுபடி உயிர் வந்தது.

இரண்டாவது சுற்றைத்தான் நான் நீக்கியிருந்தேன். ‘பார்த்ததையே மறுபடி பார்க்கும் தேவையற்ற வேலை’ என்று விளக்கம் வேறு எழுதியிருந்தேன். இங்க்ரிட் அதைப் பாராட்டியிருந்தார். என் மேஜையில் ஒரே ஒரு கருவி மட்டும் பேசும். இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் வாய் திறப்பது படகில்தான்.

தலையில் கைவைத்துச் சிரித்தேன். குட்டு விழுந்த இடத்தைத் தடவிக்கொண்டேன்.

“என்ன, பைத்தியம் பிடிச்சா?” என்றாள் அக்கா.

“தப்பு கிடைச்சாச்சு அக்கா! நான்தான் செய்தேன்!”

“இதை இவ்வளவு சந்தோஷமாச் சொல்ற ஆள நான் இதுவரைக்கும் கண்டதில்ல.”

பாலத்துப் பக்கம் ஒரு படகு

ஆறு வரியைத் திரும்பச் சேர்த்தேன். திருத்துவதற்கு முன் கால்மணி நேரம், திருத்தியபின் கால்மணி நேரம், கருவிகள் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே கோப்பில் பதிந்தேன். லாக் என்பார்கள். இங்க்ரிட் கேட்பது அதைத்தான். முன்னதில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி. பின்னதில் ஒரு எழுத்தும் குறையவில்லை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் கருவியே கூட்டிப்போட்ட இரண்டு எழுத்துச் சரிபார்ப்பு இருக்கும். வழியில் ஏதாவது கெட்டிருந்தால் கூட்டல் ஒத்துவராது. எல்லா வரியும் ஒத்துவந்தது.

ஒன்று மட்டும் உறுத்தியது. அந்த எண்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் படகு துறைமுகத்தில் இல்லை. ஆற்றோடு மேலேறி, குழித்துறை போய், வாவுபலிப் பொருட்காட்சி நடக்கும் மைதானத்தின் நடுவில் நின்றது. ராட்டினம் வைக்கும் இடத்தில்.

மறுபடி பார்த்தேன். அதே மைதானம். கூட்டல் சரி, இடம் தப்பு. ஜிபிஎஸ் கருவி பழசு, அதற்கு ஏதோ கோளாறு, என் டிரைவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். சூசை அண்ணனிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சந்தோஷத்தில் இருப்பவன் கேள்வி கேட்க மாட்டான்.

“கரையில ஓடுறது பெரிய காரியமில்ல மக்கா. கடல்ல ஓடணும். நாளைக்கு வெள்ளோட்டம் போறேன், வாறியா?” என்றார் அவர்.

பாரு

நான் மலையடிவாரத்துக்காரன். படகில் வேலை பார்த்திருக்கிறேன், ஆனால் கடல் என் வயிற்றோடு சமாதானமானதே இல்லை. முகத்துவாரம் தாண்டி ஒரு மணி நேரத்தில் காலையில் தின்ற மரச்சீனிக் கிழங்கும் மத்திக்கறியும் கடலுக்குப் போயின. மீதி நேரமெல்லாம் கயிற்றுக் குவியல்மேல் குப்புறக் கிடந்தேன். மடிக்கணினி மட்டும் தன்பாட்டில் பதிந்துகொண்டிருந்தது.

ஒருமுறை கண்ணைத் திறந்தபோது படகு நின்றிருந்தது. சூசை அண்ணன் கருவிமேல் ஒரு கைலிச் சாரத்தைப் போட்டு மூடியிருந்தார்.

“என்னண்ணே?”

“பாரு.”

கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டுதான் பாரு. மேலே ஒன்றும் தெரியாது. கீழே மீன் குடியிருக்கும். அவருடைய அப்பா, கரையில் தெரியும் மலை உச்சிகளையும் கோயில் கோபுரங்களையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. அந்தக் குடும்பத்துக்கு அதுதான் நிலம், அதுதான் பத்திரம். தூரத்தில் வேறு படகு தெரிந்தால்கூட நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய், சும்மா மிதந்து காட்டுவார்கள். அன்றும் ஒரு படகு தெரிந்தது. அப்படித்தான் செய்தார்கள்.

திரும்பி வந்து கரையேறும்போது சூசை அண்ணன் என் தோளைப் பிடித்தார்.

“செல்வா, கரையில எடுத்தத உனக்க ஆளுக்கு அனுப்பிக்கோ. கடல்ல எடுத்தது வெளிய போகப்படாது. கேட்டியா?”

“போகாது அண்ணே.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அனுப்பு

சந்தைப்பக்கம் ஒரு சாயாக்கடையில் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. நேந்திரப்பழத்தில் போட்ட பழம்பொரி சுடச்சுட வந்தது. நான் எழுதிக்கொண்டே போனேன். ‘இந்த டிரைவருக்கு ஒரு பயனர் இருக்கிறார். அவர் கடலில் இருக்கிறார். அவர் பட்ட தொல்லைக்கு நானே காரணம். இதோ திருத்தம், இதோ சான்று.’ நான் எழுதிய கடிதங்களிலேயே அதுதான் நல்ல கடிதம். விரல் எண்ணெயாக இருந்தது. கோப்புகள் இருந்த ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டேன், அனுப்பு என்பதைத் தட்டினேன், அடுத்த பழம்பொரியை எடுத்தேன்.

வாயில் வைத்தேன். கடிக்கவில்லை.

ஃபோல்டரில் மூன்று கோப்புகள் இருந்தன. கரையில் முன்னது, கரையில் பின்னது, கடல்.

பொது அஞ்சல் குழுவுக்குப் போன கடிதத்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஒரு நிமிஷத்துக்குள் அது உலகம் முழுக்க எத்தனையோ கணினிகளில் பிரதியாகிவிடும். எங்கள் ஆட்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். எதுவும் அழியாது, எல்லாம் எல்லாருக்கும். அந்தப் பெருமையைத்தான் நான் சாயாக்கடை பெஞ்சில் விழுங்க முடியாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு குடும்பத்தின் பாரு, டிகிரி, நிமிஷம், நிமிஷத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை, என்றைக்குமாக வெளியே போய்விட்டது.

மறுநாள் இங்க்ரிட்டின் பதில் வந்தது. திருத்தம் சரியாக இருக்கிறது, ஆனால் ஏற்க முடியாது. துறைமுகத்தில் எடுத்ததாகச் சொல்லும் பதிவில் படகு ஒரு ஊருக்கு நடுவே, தரையில் நிற்கிறது. தரவு இன்னும் கெடுகிறது என்றுதான் அர்த்தம். இதற்கு விளக்கம் இல்லாவிட்டால் நீக்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

டிரைவரும் போகிறது, சத்தியமும் போயிற்று. பத்து நாளில் ஏழு நாள் மிச்சம்.

அந்த நிமிஷம் பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போயிருக்கலாம். என் ஆயுளில் நான் நன்றாகக் கற்ற தொழில் அதுதான். பஸ் நிலையத்துக்குக்கூடப் போனேன். நாகர்கோவில் பஸ் வந்தது. நின்றது. போயிற்று.

திரும்பி நில்லு

படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பலகை சறுக்கியது. நின்ற இடத்திலேயே சொன்னேன்.

“அண்ணே, கடல்ல எடுத்ததும் சேந்து போயிட்டு. எல்லாரும் பாக்கிற இடத்துக்கு. திரும்ப எடுக்க முடியாது.”

சூசை அண்ணன் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தார். ஸ்டெல்லா அக்காதான் பேசினாள்.

“எனக்க மாமனாரு சாகும்போகூட எனக்க கொழுந்தன்கிட்ட சொல்லாத இடமாக்கும் அது. நீ ஒரு சாயாக்கடையில இருந்து ஊருக்கு முழுக்கச் சொல்லிட்டியா? எடே சவமே, உன்னை வீட்டுக்குள்ள ஏத்திச் சோறு தந்தேனே!”

“தப்பு என்னுதுதான் அக்கா.”

“இப்பமும் சந்தோஷமாச் சொல்லேன் பாப்போம்!”

“ஏட்டி, பைய இரு” என்றார் அண்ணன். “செல்வா, எந்த எண் போச்சு? காட்டு.”

கைபேசியில் காட்டினேன். உதடு அசையப் படித்தார். இரண்டாம் முறை படித்தார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

“இந்த இடத்தில போய்த் தூண்டில் போட்டா சேறாக்கும் ஏறும். வெறும் சேறு!”

“அப்பம் பெட்டி தப்பாக் காட்டுதா?”

“பெட்டி சரிதான் மக்கா. நானாக்கும் தப்பாக் காட்டச் சொன்னது.”

ஜிபிஎஸ் கருவியில் இடத்தைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டச் சொல்லும் ஒரு வசதி உண்டு. வரைபடம் சரியாகப் பொருந்தாத கடல்களுக்காக வைத்தது. சூசை அண்ணன் அதற்குப் புது உபயோகம் கண்டிருந்தார். வெல்டிங்காரன், மெக்கானிக், ஐஸ்காரன் என்று கரையில் எவனெவனோ ஏறித் திரையை எட்டிப் பார்க்கிறான். பார்க்கட்டும். அதில் தெரிவது பொய். உண்மைக்கும் பொய்க்கும் நடுவே உள்ள கணக்கு அவர் மனதில் மட்டும்.

ஒரு நிமிஷம் எனக்கு உயிர் வந்தது. உடனே போயிற்று.

“அண்ணே, படகு துறைமுகத்தில நின்னது ஊருக்கே தெரியும். லாக்ல குழித்துறையில நிக்குது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தக் கழிச்சா எவனும் பாரைக் கண்டுபிடிச்சிருவானே!”

“எடே, கரையில வச்ச கணக்கவா கடலுக்கும் கொண்டுபோவேன்? முகத்துவாரம் தாண்டினா வேற கணக்கு. நீ அப்பம் வாந்தி எடுத்துக்கிட்டுக் கிடந்த. அது எவ்வளவுன்னு எனக்க பெஞ்சாதிக்குக்கூடத் தெரியாது.”

“தெரியும்” என்றாள் அக்கா.

அண்ணன் திரும்பினார். “எப்படி?”

“உறக்கத்தில சொல்லுவிய.”

ஐஸ் சுமந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுச் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அன்றே கணக்கை மாற்றியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இங்க்ரிட்டின் கேள்வி பாக்கி இருந்தது. சொன்னேன். படகு தரையில் நிற்பதற்குக் காரணம் காட்டாவிட்டால் டிரைவரை நீக்கிவிடுவார்கள், என் பெயரும் போய்விடும் என்று.

“பேரு போனா என்ன ஆவும்? கூலி குறையுமா?”

“கூலி கிடையாது அண்ணே.”

“பின்ன?”

“அந்த ஒரு இடத்திலதான் நான் இத்தனை வருஷம் நிலையா நின்னிருக்கேன்” என்றேன்.

அவர் ஐஸ் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “அஞ்சு நிமிஷம் உண்மையச் சொல்லச் சொல்லுதேன். பதிஞ்சுக்கோ” என்று கருவியருகே போனார். பொத்தானில் விரலை வைத்துவிட்டு நிறுத்தினார்.

“திரும்பி நில்லு மக்கா.”

திரும்பி நின்றேன். பொத்தான்கள் கீச்சிட்டன. நான் எண்ணவில்லை, காதைக்கூடப் பொத்திக்கொண்டேன்.

ஐந்து நிமிஷம், படகு துறைமுகத் தண்ணீரில், தான் நின்ற அதே இடத்தில் நின்றது. அதை அனுப்பினேன். இந்தமுறை ஒரே கோப்பு. பெயரை மூன்று முறை வாய்விட்டுப் படித்தபின். ‘முந்தைய பதிவில் இடம் தவறாக இருந்ததற்கு டிரைவர் காரணமில்லை. மீன்பிடிக்கும் இடத்தைக் காப்பாற்ற ஸ்ராங்கு தன் கருவியைப் பொய் சொல்லப் பழக்கியிருக்கிறார். கருவி சொன்ன பொய்யை டிரைவர் ஒரு எழுத்தும் மாறாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது’ என்று எழுதினேன்.

பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. ‘என் தாத்தாவும் மீன்பிடித்தவர். அவர் எங்கே வலை போட்டார் என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. திருத்தத்தைச் சேர்த்துவிட்டேன். நீக்கும் யோசனையைக் கைவிடுகிறேன். சோதித்தவர் பெயரை அனுப்புங்கள்.’

படகிலேயே குதித்தேன். பலகை சறுக்கி ஐஸ்மேல் விழுந்தேன்.

“சோதிச்சவருன்னு உங்க பேரப் போடுறேன் அண்ணே!”

“அவருக்க பேரு எதுக்கு? படகு எனக்க பேருலயாக்கும். மெயிலும் எனக்குத்தான் உண்டு” என்றாள் அக்கா.

அப்படியே போட்டேன். திருத்தத்தின் அடியில், சோதித்தவர் என்ற இடத்தில், ஸ்டெல்லா அக்காவின் பெயர் நிரந்தரமாக இருக்கிறது. அதனால் யாராவது அந்த டிரைவரைத் தொட்டால் அவளுக்கும் கடிதம் போகும். ‘எவனோ ஒருத்தன் எட்டு வரி மாத்தணும்னு கேக்கிறான், விடலாமா?’ என்று போன மழையில் அவளிடமிருந்து போன் வந்தது. விட வேண்டாம் என்றேன். அவளே அவனுக்குப் பதில் எழுதிவிட்டாள்: ‘கடலில் சோதித்தாயா?’

சத்தியத்தை உடைத்ததற்குத் தண்டனை தனியாக இருந்தது. அடுத்த தங்கலுக்குச் சமையல் நான். பதினாறு நாள், ஒன்பது பேருக்கு. முதல் மூன்று நாள் நான் சமைத்தேன், சாப்பிடவில்லை. மறுபேச்சுப் பேசவில்லை.

இதையெல்லாம் எழுதலாமா என்று சூசை அண்ணனிடம் கேட்டேன். “குழித்துறைன்னு எழுது, ஒண்ணும் இல்ல. அந்தக் கணக்கு எப்பமே மாத்தியாச்சு” என்றார்.

போன மாதம் படகில் ஏறியபோது திரையை எட்டிப் பார்த்தேன். ஜிபிஎஸ்ஸும் ஆழமானியும் வயர்லெஸ்ஸும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன. படகு தேங்காய்ப்பட்டணம் தண்ணீரில் மெதுவாக ஆடியது. திரையில் நாங்கள் மாவட்டத்தின் மறுகோடியில், வட்டக்கோட்டையின் கருங்கல் சுவருக்குள்ளே நின்றுகொண்டிருந்தோம்.

ஒரு எழுத்துகூடக் குறையவில்லை.